நூலுக்கு அனுமதி, நமக்கு வேண்டுகோள்

(தலித் கிறித்தவர் உரிமைகள் பற்றிய கருத்தரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை கூடுமானவரை அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



காலனி ஆதிக்கத்தின் தொடக்க காலத்தைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பள்ளிக்கூடப் புத்தகத்தில் இந்தக் காலத்துக்கென்று ஒரு பட்டியல் உண்டு. 1600 டிசம்பர் 31ல் இங்கிலாந்து ராணி கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் பட்டயம் கொடுத்தார். 1602ல் டச்சுக் கம்பெனி தொடங்கப்பட்டது. 1620ல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரன் தரங்கம்பாடியில் கால் வைத்தான். இதையெல்லாம் மனப்பாடம் பண்ணி நாமும் மார்க் வாங்கியிருக்கிறோம். மிளகு யாருக்கு, துணி யாருக்கு, துறைமுகம் யாருக்கு என்கிற பட்டியல் இது. வியாபாரம் பண்ணினவனுக்கும் ராசாவுக்கும் இது முக்கியம்தான். நம்ம ஜனங்களுக்கு எது முக்கியமோ அது இந்தப் பட்டியலில் இல்லை.

அதனால் நான் வேறு இரண்டு வருஷங்களைப் பற்றிப் பேசப் போகிறேன். ஒன்று 1606. அந்த வருஷம் ஓர் இத்தாலியப் பாதிரியார் மதுரைக்கு வந்தார். இன்னொன்று 1623. அந்த வருஷம் ரோமாபுரியிலிருந்து ஒரு ஆணை வந்தது. இடைப்பட்ட 17 வருஷத்துக்குள் ஒரு வழக்கு நடந்தது. மதுரையில் தொடங்கி, கோவா போய், லிஸ்பன் போய், ரோமில் முடிந்த வழக்கு. சாதி என்பது மதமா, மதம் இல்லையா என்பதுதான் அந்த வழக்கின் உள்விஷயம். அந்தக் கேள்விக்கு அன்றைக்கு யார் என்ன பதில் சொன்னார்கள், அந்தப் பதில் இன்றைக்கும் நம்ம தலைமேல் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில் அன்றைய நிலைமையைப் பார்ப்போம். போர்த்துக்கீசியர் 1498ல் கள்ளிக்கோட்டைக்கு வந்தார்கள். 1510ல் கோவாவைப் பிடித்தார்கள். அவர்களோடு திருச்சபையும் கப்பல் ஏறி வந்தது. கிழக்கே போய்ப் பிடிக்கிற நாடுகளில் கோயில் கட்டுவது, ஆயரை நியமிப்பது, பாதிரியார்களுக்குச் செலவுக்குக் கொடுப்பது எல்லாம் போர்த்துக்கல் ராசாவின் பொறுப்பு, உரிமை என்று பாப்பரசர்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். 1530களில் முத்துக்குளித்துறைப் பரவர்கள் ஊர் ஊராக ஞானஸ்நானம் பெற்றார்கள். 1542ல் சவேரியார் வந்தார். ஆனாலும் வேதம் கடற்கரையோடு நின்றுவிட்டது. உள்நாட்டில் மதுரை நாயக்கர் ஆட்சி. அங்கே போர்த்துக்கீசியனின் பீரங்கி செல்லாது.

1595ல் கொன்சாலோ பெர்னாண்டஸ் என்கிற சேசு சபைப் பாதிரியார் மதுரைக்கு வந்தார். பழைய சிப்பாய். கடற்கரையிலிருந்து மதுரைக்கு வந்துபோகிற பரவர்களுக்குப் பூசை வைப்பது, பள்ளிக்கூடம் நடத்துவது என்று இருந்தார். வருஷங்கள் போயின. உள்ளூர் ஆட்கள் வேதத்தில் சேர முன்வரவில்லை. ஏன் என்று கேட்டால், அது பரங்கி வேதம் என்றார்கள்.

இந்தப் ‘பரங்கி’ என்கிற வார்த்தையில் கொஞ்சம் நில்லுங்க. அன்றைக்கு மதுரையில் அது வசைச்சொல். பரங்கி யாரு? மாட்டுக்கறி தின்கிறவன். சாராயம் குடிக்கிறவன். ஆசாரம் இல்லாதவன். தொடக்கூடாதவனைத் தொடுகிறவன். இந்தப் பட்டியல் நமக்கு எங்கேயோ கேட்ட மாதிரி இல்லையா? நம்மை ஊருக்கு வெளியே தள்ளி வைக்க என்னென்ன காரணம் சொன்னார்களோ அதே காரணத்தைத்தான் பரங்கிக்கும் சொன்னார்கள். கப்பலும் பீரங்கியும் வைத்திருந்தவனைக்கூட, நம்மைத் தொட்டான், நாம் தின்கிறதைத் தின்றான் என்பதற்காக இழிவு என்று ஒதுக்க முடிந்தது. பார்ப்பனியத்தின் பலம் எவ்வளவு என்று இதை வைத்தே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அதுக்காகப் பரங்கியை நம்ம சொந்தக்காரன்னு நான் சொல்ல வரல. கோவாவில் 1560லிருந்து மதவிசாரணை மன்றம் வைத்து ஜனங்களை வதைத்தவன் அவன். மனுசனை விலைக்கு வாங்கி விற்றவன். அவன் வரலாறு வேறு. நான் சொல்வது, அவன்மேல் விழுந்த வசை எந்த இடத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதைத்தான். அது சேரியிலிருந்து எடுக்கப்பட்ட வசை.

இந்த நேரத்தில்தான் இராபர்ட் தெ நொபிலி வருகிறார். 1577ல் ரோமில் பெரிய குடும்பத்தில் பிறந்தவர். 1605ல் கோவா வந்து, 1606ல் மதுரைக்கு வந்து சேர்ந்தார். நிலைமையைப் பார்த்தார். பரங்கி என்கிற பெயரைத் துடைத்தால்தான் உயர்சாதிக்காரன் வேதத்துக்குள் வருவான் என்று முடிவுக்கு வந்தார். எப்படித் துடைத்தார்? கறி, மது இரண்டையும் விட்டார். ஒரு வேளைச் சாப்பாடு. காவி கட்டினார். காலில் கட்டை. நெற்றியில் சந்தனம். மார்பில் நூல். சமையலுக்குப் பிராமணர். பெர்னாண்டசை விட்டுப் பிரிந்து தனி வீடு, தனிக் கோயில். சிவதர்மர் என்கிற தெலுங்குப் பிராமணரிடம் சமஸ்கிருதம் படித்தார். 1609ல் அந்தச் சிவதர்மருக்கே ஞானஸ்நானம் கொடுத்தார். தத்துவபோதகர் என்று பெயர் வைத்துக்கொண்டு தமிழில் நூல்கள் எழுதினார். ஞானோபதேசம், ஆத்தும நிர்ணயம், தூஷண திக்காரம் எல்லாம் அவர் எழுதியவை. தமிழ் உரைநடையின் தந்தை என்றுகூட அவரைச் சிலர் சொல்வதுண்டு.

ஆக மதுரையில் இரண்டு கோயில் ஆகிவிட்டது. ஒரே கர்த்தர், ஒரே சபை, ஒரே ரோமாபுரி. ஆனால் பரவருக்கு ஒரு கோயில், ஒரு சாமியார். மேல்சாதிக்கு இன்னொரு கோயில், இன்னொரு சாமியார். இரண்டு சாமியாரும் வெளிப்படையாகக் கலந்து பழகக்கூடாது, பழகினால் தீட்டு ஒட்டிக்கொள்ளும். பரவருக்கே இந்தக் கதி என்றால், சேரிக்காரனுக்கு என்ன இடம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

1611ல் அவர் தன் வீட்டு வாசலில் ஓர் ஓலையைக் கட்டித் தொங்கவிட்டார். அதன் சாரம் இதுதான்: நான் பரங்கி இல்லை; பரங்கி நாட்டில் பிறக்கவில்லை; அவர்கள் குலத்தோடு எனக்குச் சம்பந்தம் இல்லை; ரோமாபுரியில் உயர்ந்த குலத்தில் பிறந்தவன்; நான் சொல்லும் வேதத்தில் சேருகிறவன் தன் சாதியையும் குலாசாரத்தையும் விட வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் கிறித்தவம் ஊருக்குள் நுழைந்த வாசலில் தொங்கிய அறிவிப்பு இது. ‘வருத்தப்பட்டுப் பாரம் சுமக்கிறவர்களே’ என்று கூப்பிட்ட ஒருவரின் பெயரைச் சொல்லி, ‘உங்கள் உயரத்தை இறக்கி வைக்க வேண்டாம், அப்படியே உள்ளே வரலாம்’ என்று எழுதிப் போட்டார்கள்.

பெர்னாண்டசுக்கு இது பொறுக்கவில்லை. 1610லேயே மேலிடத்துக்குப் புகார் எழுதினார். நூல், குடுமி, சந்தனம், குளியல் இதெல்லாம் விக்கிரக ஆராதனைக்காரனின் மத அடையாளம், இதைக் கிறித்தவன் போடலாமா என்பது புகார். வழக்கு தொடங்கிவிட்டது. செய்தி ரோமுக்குப் போனது. நொபிலியின் உறவினரான கர்தினால் பெல்லார்மின்கூட ஆரம்பத்தில் கோபப்பட்டு எழுதினார். நொபிலி சும்மா இருக்கவில்லை. 1610ல் ஒரு பதில், 1613ல் ஒரு விளக்க நூல் என்று லத்தீனில் எழுதித் தள்ளினார்.

அவர் வாதத்தைக் கவனமாகக் கேளுங்க. நூல் மதச்சின்னம் இல்லை, அது குலச்சின்னம். குடுமியும் அப்படியே. பிராமணன் என்பவன் பூசாரி இல்லை, படித்த வர்க்கம். ஐரோப்பாவில் பண்டிதனுக்கு ஓர் உடை இருப்பதுபோல இங்கே இவனுக்கு ஒரு நூல். ஐரோப்பாவில் பிரபுவும் குடியானவனும் வேறு வேறு இல்லையா, அதுபோலத்தான் இங்கே சாதி. ஆகையால் இதெல்லாம் நாட்டு வழக்கம், சமூக வழக்கம். மதத்தோடு சம்பந்தமில்லை. இதற்குச் சாட்சியாக அவர் எதைக் காட்டினார் தெரியுமா? மனுவின் சாஸ்திரத்தையும் எடுத்துக் காட்டினார். 1927 டிசம்பரில் மகாடில் அம்பேத்கர் கொளுத்திய அதே மனுஸ்மிருதி, அதற்கு 300 வருஷத்துக்கு முன்னால் லத்தீனில் பேசிக்கொண்டு திருச்சபையின் வழக்கில் சாட்சிக் கூண்டில் ஏறியிருக்கிறது.

பிரபு, குடியானவன் என்ற ஒப்பீட்டையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். ஐரோப்பாவில் பிரபு குடியானவனைச் சுரண்டினான், அடித்தான், உண்மை. ஆனால் பிரபு வீட்டு அடுப்படியில் சமைத்துப் போட்டது குடியானவன் வீட்டுப் பெண்தானே? அவள் தொட்ட ரொட்டி அவனுக்குத் தீட்டாகவில்லை. இங்கே நம்ம நிழல் பட்டாலே தீட்டு. சும்மா ஏற்றத்தாழ்வு என்று சொன்னால் சாதி அதற்குள் அடங்காது. தீண்டாமை என்கிற சரக்கை ‘அந்தஸ்து’ என்று சீட்டு ஒட்டி ரோமுக்குக் கப்பலில் ஏற்றினார்கள். அங்கே இருந்தவர்களுக்குச் சீட்டுதான் தெரிந்தது.

1619ல் கோவாவில் பெரிய கூட்டம் கூடியது. பேராயர், மதவிசாரணை அதிகாரிகள், இறையியல் பண்டிதர்கள் எல்லாரும் இருந்தார்கள். பெரும்பான்மை நொபிலிக்கு எதிர். பேராயர் கிறிஸ்தவோ தெ சா கடுமையான எதிர்ப்பு. நொபிலிக்கு ஆதரவாக நின்றவர்களில் கிராங்கனூர் பேராயர் பிரான்சிஸ் ரோஸ் முக்கியமானவர். வழக்கு லிஸ்பனுக்குப் போனது. அங்கே தலைமை விசாரணை அதிகாரி நொபிலி பக்கம் சாய்ந்தார். கடைசியில் ரோமுக்குப் போனது.

இங்கே நான் ஒன்றைக் கேட்க விரும்புகிறேன். இத்தனை வருஷம் இத்தனை பேர் வாதாடினார்களே, இவர்கள் எதைப் பற்றி வாதாடினார்கள்? நூல் போட்டுக்கொள்கிறவன் கிறித்தவன் ஆன பிறகும் நூல் போடலாமா, கூடாதா? ஒரு தரப்பு போடலாம் என்றது, இன்னொரு தரப்பு கூடாது என்றது. நூல் போடவே விடாமல் வைக்கப்பட்ட ஜனங்களைப் பற்றி இரண்டு தரப்புக்கும் இந்த வழக்கில் பேச்சே இல்லை. பெர்னாண்டசுக்கும் கவலை விக்கிரகம் பற்றித்தான், சேரியைப் பற்றி இல்லை. நம்மைப் பற்றிய வழக்கு, நம்மைக் கூப்பிடாமலே நடந்தது. வாதி அவன், பிரதிவாதி அவன், சாட்சி மனு, நீதிபதி ரோம்.

தீர்ப்பு 1623 ஜனவரி 31ல் வந்தது. பதினைந்தாம் கிரகோரி பாப்பரசர் வெளியிட்ட ஆணை. மறு உத்தரவு வரும்வரை நூல் போடலாம், குடுமி வைக்கலாம், சந்தனம் பூசலாம், குளியல் சடங்கைச் செய்யலாம். ஆனால் கோயிலில் போய் வாங்கக்கூடாது, மந்திரம் சொல்லக்கூடாது, மூடநம்பிக்கை கலக்கக்கூடாது, குலத்துக்கும் சுத்தத்துக்கும் மட்டும் என்று நிபந்தனைகள். இத்தனை நிபந்தனை போட்டவர்கள் கடைசியில் நம்மையும் நினைத்திருக்கிறார்கள். உயர்குலப் பெருமை உள்ளவர்கள் தாழ்ந்தவர்களை இகழ வேண்டாம், குறிப்பாகக் கோயிலில் தேவ வார்த்தையைக் கேட்கும்போதும் தேவதிரவிய அனுமானங்களைப் பெறும்போதும் அவர்களோடு சேர்ந்திருப்பதை இழிவாக எண்ண வேண்டாம் என்று கிறிஸ்துவின் பெயரால் மன்றாடிக் கேட்டிருக்கிறார்கள்.

தோழர்களே, இந்த ஆணையின் அமைப்பைப் பாருங்கள். நூலுக்கு அனுமதி. நமக்கு வேண்டுகோள். அனுமதி என்பது சட்டம், அதை வைத்துக்கொண்டு உரிமை கேட்கலாம். வேண்டுகோள் காத்தோடு போற பேச்சு. கேட்டால் கேட்டான், கேட்காவிட்டால் ஒன்றும் இல்லை. நூலில் மந்திரம் கலந்தால் நிபந்தனை மீறல், குற்றம். பறையனைத் தள்ளி உட்காரவைத்தால் எந்த நிபந்தனையும் மீறப்படவில்லை. 400 வருஷமாகத் தமிழ்நாட்டுத் திருச்சபை இந்த அமைப்பிலேதான் ஓடிக்கொண்டிருக்கிறது. மேல்சாதிக்கு ஏற்பாடு, நமக்குப் பிரசங்கம்.

சில நண்பர்கள் கேட்பார்கள்: “அவர் அந்தக் காலத்து மனிதர், இன்றைய கண்ணாடி போட்டுப் பார்க்கலாமா?” கேட்கலாம், நியாயமான கேள்விதான். நொபிலி சுகவாசி இல்லை. ஒரு வேளை சோறு தின்று வாழ்ந்தார். 1640ல் மதுரையில் சிறையும் பட்டார். கண் பார்வை மங்கி, 1656ல் மயிலாப்பூரில் இறந்தார். நம்ம ஜனங்களுக்கு ஞானஸ்நானம் கூடாது என்றும் அவர் சொல்லவில்லை. நான் அந்த மனிதரை வைத்துக் கணக்குத் தீர்க்க வரவில்லை. அவரும் ரோமும் சேர்ந்து உண்டாக்கிக் கொடுத்த ஒரு பெட்டி இருக்கிறதே, ‘சாதி என்பது சமூக வழக்கம், அதைத் தொட வேண்டாம்’ என்கிற பெட்டி, அதை வைத்துத்தான் பேசுகிறேன். ஆள் செத்துப் போனார். பெட்டி சாகவில்லை.

இன்னொரு பாராட்டும் அவருக்கு உண்டு. ஐரோப்பியப் பண்பாட்டைத் திணிக்காமல் இந்தியப் பண்பாட்டை மதித்தவர், பண்பாட்டுமயமாதலுக்கு முன்னோடி என்று இறையியல் கல்லூரிகளில் பாடம் சொல்கிறார்கள். சரி, எது இந்தியப் பண்பாடு? காவி, நூல், சந்தனம், சமஸ்கிருதம், சைவச் சாப்பாடு. பறை இல்லை. மாட்டுக்கறி இல்லை. அம்மனுக்குக் கூழ் ஊத்துறது இல்லை. வெள்ளைக்காரன் மதித்தாலும் அவன் கண்ணுக்கு இந்தியா என்று தெரிந்தது அக்ரகாரம்தான். பண்பாடு என்கிற சொல்லை யார் சொன்னாலும், யாருடைய பண்பாடு என்று திருப்பிக் கேட்கிற பழக்கம் நமக்கு வர வேண்டும்.

இனி நம்ம ஜனங்க என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். வாசலில் ஓலை என்ன சொன்னாலும் அவர்கள் வந்தார்கள். 1630களில் திருச்சிராப்பள்ளிப் பக்கம் பறையர்கள் வேதத்தில் சேர ஆரம்பித்தார்கள். சேர்க்கவும் வேண்டும், மேல்சாதிக்காரன் ஓடிப்போகவும் கூடாது. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 1640ல் பல்தசார் தா கோஸ்டா என்கிற பாதிரியார் பண்டாரச்சாமி வேஷத்தில் இறங்கினார். பிராமண சந்நியாசி பிராமணருக்கு, பண்டாரச்சாமி மற்ற சாதிகளுக்கு, அதிலும் பறையருக்குத் தனி இடம். வர்ணப் படிக்கட்டை அப்படியே சாமியார்களுக்குள்ளும் கட்டிக்கொண்டார்கள். ஆனால் பிற்பாடு சபை பெருகியது எந்தப் பக்கம்? பண்டாரச்சாமிகள் பக்கம்தான். நூலுக்காக உலகமெல்லாம் வழக்காடினார்களே, நூல் போட்டவர்கள் கொஞ்சப் பேர்தான் வந்தார்கள். கூட்டமாக வந்தது உழைக்கிற சாதிகளும் சேரி ஜனங்களும். இன்றைக்கும் தமிழகக் கத்தோலிக்கரில் பெரும்பகுதி தலித்துகள்தான்.

‘மறு உத்தரவு வரும்வரை’ என்று சொன்ன ஏற்பாடு என்ன ஆனது? 1704ல் பாப்பரசரின் தூதராக வந்த துர்னோன் புதுச்சேரியில் ஓர் ஆணை போட்டார். அந்த ஆணையின் ஒரு பகுதியைப் படித்தால் நடந்தது என்னவென்று தெரிந்துபோகும். சாகக் கிடக்கிற பறையரின் வீட்டுக்குள் போய் அவருக்குக் கடைசி அனுமானங்களைக் கொடுக்க மறுக்கக்கூடாது என்கிறார். அப்படியென்றால் அதுவரை மறுத்திருக்கிறார்கள். சாகிற மனுசனைக் குடிசையிலிருந்து வெளியே தூக்கி வரச் சொல்லியிருக்கிறார்கள். உயிர் போகிற நேரத்திலும் சேரிக்குள் கால் வைக்கவில்லை. துர்னோன் ஆணையை எதிர்த்து மறுபடி 40 வருஷம் வழக்கு. 1744ல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் முடிவு சொன்னார். சாதி பார்க்காமல் போங்கள் என்றா? பறையருக்கென்றே தனியாகச் சில பாதிரியார்களை வைத்துக்கொள்ளலாம் என்கிற ஏற்பாட்டை ஏற்றுக்கொண்டார். தீண்டாமையை ஒழிக்க முடியாதவர்கள், தீண்டுவதற்குத் தனி ஆள் போட்டார்கள்.

கத்தோலிக்கரை மட்டும் சொல்வதாக நினைக்க வேண்டாம். 1706ல் தரங்கம்பாடிக்கு வந்த லுத்தரன்களின் கோயிலிலும் வெள்ளாளர் ஒரு பக்கம், பறையர் ஒரு பக்கம் என்றுதான் உட்கார்ந்தார்கள்.

பிறகு பேச்சு கல்லாக மாறியது. வடக்கன்குளத்தில் வெள்ளாளரும் நாடாரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் பூசை காண, கால்சட்டை மாதிரி இரண்டாகப் பிரிந்த கோயிலை 1872ல் கட்டினார்கள். 1910ல் அந்தத் தடுப்பை எடுத்தபோது வெள்ளாளர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். சாதி காரணமாகத் தனி இடம் கேட்க உரிமையில்லை என்று சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. வேண்டுகோளால் முடியாதது தீர்ப்பால் முடிந்தது, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறையில் செத்தவர்களுக்கு நடுவே எழுப்பிய சுவரை எதிர்த்து 2010ல் போராட வேண்டியிருந்தது. எறையூரில் நம்ம ஜனங்கள் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச்சில் கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 2 பேர் இறந்தார்கள். 2003ல் இரண்டாம் யோவான் பவுல் பாப்பரசர் தமிழக ஆயர்களிடம் சாதி கூடாது என்று அறிவுறுத்தினார். 2016ல் இந்திய ஆயர் பேரவை, சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று ஒத்துக்கொண்டு கொள்கை அறிக்கை வெளியிட்டது. 2022ல் அந்தோணி பூலா முதல் தலித் கர்தினால் ஆனார். இதெல்லாம் நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் 1623லிருந்து 2022 வரை எத்தனை வருஷம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கடைசியாக ஒரு முக்கியமான விஷயம். இதைச் சொல்லத்தான் இத்தனையும் சொன்னேன். 1623ல் திருச்சபை என்ன சொன்னது? சாதி மதம் இல்லை, சமூக வழக்கம். ஆகவே கிறித்தவனான பிறகும் சாதி இருக்கலாம். சரி, 1950க்கு வாருங்கள். சுதந்திர இந்தியாவின் குடியரசுத் தலைவர் ஆணை என்ன சொன்னது? இந்து அல்லாத ஒருவரைப் பட்டியல் சாதி என்று எண்ண முடியாது. அதாவது சாதி என்பது இந்து மதத்தின் விஷயம். மதம் மாறினால் சாதி போய்விடும். 1956ல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள். 1990ல் பௌத்தர்களைச் சேர்த்தார்கள். கிறித்தவரும் முஸ்லிமும் வெளியே. தமிழ்நாட்டில் தலித் கிறித்தவரைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் போட்டு வைத்திருக்கிறார்கள்.

இதில் மாட்டிக்கொண்ட ஒரு தொழிலாளி சூசை. சென்னையில் சாலையோரத்தில் செருப்புத் தைத்தவர். ஆதிதிராவிடக் கிறித்தவர். 1982ல் செருப்புத் தைக்கிற பட்டியல் சாதியினருக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. பக்கத்தில் அதே தொழிலைச் செய்த இந்துவுக்குக் கிடைத்தது. சூசைக்குக் கிடைக்கவில்லை. உச்சநீதிமன்றம் வரை போனார். 1985ல் தீர்ப்பு. மதம் மாறிய பிறகும் அதே கொடுமை அதே கடுமையோடு தொடர்கிறது என்று காட்டப் போதுமான ஆதாரம் இல்லை என்று மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

ஆதாரம் இல்லையாம்! 1623 ஆணை ஆதாரம் இல்லையா? 1704 ஆணை? 1744 ஏற்பாடு? கால்சட்டைக் கோயில்? சைமன் கமிஷனுக்குத் தென்னிந்தியத் தாழ்த்தப்பட்ட கிறித்தவர்கள், மதம் மாறியும் நாங்கள் தீண்டத்தகாதவர்களாகவே இருக்கிறோம் என்று மனுக் கொடுத்தார்களே, அம்பேத்கர் அதை எடுத்து எழுதியிருக்கிறாரே, அது ஆதாரம் இல்லையா? திருச்சபையின் பெட்டகத்தில் 400 வருஷ ஆதாரம் லத்தீனில் தூங்கிக்கொண்டிருக்கிறது.

சாதி மதம் இல்லை என்று சொன்னபோது, கோயிலுக்குள் நமக்கு அடி. சாதி மதம்தான் என்று சொன்னபோது, அரசாங்க ஆபீசில் நமக்கு அடி. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரான பேச்சு. இரண்டிலும் நட்டம் ஒரே ஆளுக்கு. அப்படியென்றால் இது தத்துவ விவாதமே இல்லை. அதிகாரத்தில் இருக்கிறவன் தனக்கு எது வசதியோ அதற்கு ஏற்றபடி சாதிக்கு விளக்கம் சொல்கிறான். விளக்கம் சொல்கிற இடத்தில் நாம் இல்லாதவரை எந்த விளக்கமும் நமக்கு எதிராகத்தான் முடியும்.

ஆகவே மூன்று விஷயங்களை இந்தக் கூட்டத்தின் முன் வைக்கிறேன். ஒன்று: 2022ல் மத்திய அரசு நீதிபதி பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைத்ததே, அந்த மாதிரி இடங்களுக்கு நம்ம கண்ணீரை மட்டும் கொண்டுபோகக் கூடாது, இந்த ஆவணங்களையும் கொண்டுபோக வேண்டும். ‘ஆதாரம் இல்லை’ என்று இன்னொரு முறை யாரும் எழுதக்கூடாது. இரண்டு: ஆயர்களிடம் நாம் அறிக்கை கேட்க வேண்டாம், சபைச் சட்டம் கேட்போம். கல்லறையில் சுவர் வைத்த பங்குக்கு என்ன தண்டனை, தேர் எங்கள் தெருவுக்கு வராவிட்டால் என்ன தண்டனை என்று எழுத்தில் வரட்டும். நூலுக்கு நிபந்தனை எழுதத் தெரிந்தவர்களுக்கு இதையும் எழுதத் தெரியும். மூன்று: தலித் கிறித்தவர் பிரச்சினை கிறித்தவர் பிரச்சினை, நமக்கென்ன என்று நினைக்கிற மற்ற தலித் தோழர்களுக்குச் சொல்கிறேன். அண்ணன் மாரியம்மன் கோயிலுக்கு வெளியே நிற்கிறான், தம்பி மாதா கோயிலுக்குள் ஓரத்தில் நிற்கிறான். இரண்டு பேருக்கும் வீடு ஒரே சேரியில்தான். பட்டியலில் பங்கு போய்விடும் என்று பயம் காட்டி இரண்டு பேரையும் பிரிப்பார்கள். ஒதுக்கீட்டின் அளவையும் சேர்த்து உயர்த்தச் சொல்லி இரண்டு பேரும் ஒன்றாகக் கேட்க வேண்டும்.

இதைப் பற்றி விவாதம் வரட்டும். மறுப்பு இருப்பவர்கள் எழுந்து கேளுங்கள், பதில் சொல்கிறேன். ஜெய்பீம்.